கீழிமைக்கு மையெழுதும் முறை

கண்ணுக்கு மை இடுவதைத் தமிழர் ‘எழுதுதல்’ என்றனர். மை தீட்டிய விழியைப் பண்டைப் புலவர் ‘உண்கண்’ என்றனர். மை எழுதும் கருவிக்குக் ‘கோல்’ என்பது பெயர். திருக்குறளின் காமத்துப்பாலில் (1285) அக்கோல் உவமையாக வருகிறது. மை எழுதும்போது கோலைக் கண் காண்பதில்லை; அதுபோலக் காதலனைக் கண்டவிடத்து அவன் குறை தலைவிக்குத் தோன்றுவதில்லை. உவமை காதலுக்குரியதேயாயினும், அதனுள் ஓர் உடலியல் உண்மையும் உண்டு. தன் விளிம்பில் நிகழ்வதைக் கண் தெளிவாகக் காணாது. ஆதலின், கோல் படத்தக்க இடம் எது என்பதைக் கை அறிந்திருத்தல் வேண்டும்.

கீழிமையின் விளிம்பு வெறும் கோடன்று; வயல் வரப்பைப் போல அகலமுடையது. அதன் வெளியோரத்தில் இமைமயிர்கள் வளர்கின்றன. மயிர்வரிசைக்கும் விழிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் 20 முதல் 30 வரையான நெய்ச்சுரப்பிகளின் வாய்கள் திறந்துள்ளன. 1666இல் இவற்றை விரித்துரைத்த செருமானிய மருத்துவர் மைபோமின் பெயராலேயே இவை வழங்கப்படுகின்றன. இவை சுரக்கும் நெய் கண்ணீரின்மேல் பரவி, அது விரைவில் உலராமல் காக்கிறது.

மயிர்வரிசைக்கு உட்புறத்தே மை தீட்டினால் இவ்வாய்கள் அடைபடக்கூடும். கண் உலர்ந்து உறுத்தும். உட்புறம் தீட்டிய மையின் துகள்கள் கண்ணீருள் விரைவாகவும் மிகுதியாகவும் புகுவதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. ஆகவே, மேல்நோக்கிப் பார்த்தவாறு, மயிர்களின் அடியில் வெளிப்புறமாகவே மெல்லிய கோடு இழுத்தல் வேண்டும். கடைக்கண்ணில் தொடங்கி மூக்குப்புறம் நோக்கி வருதல் எளிது. கோலைப் பிறரோடு பகிர்தல் ஆகாது. உறங்குமுன் மையைக் கழுவிவிடல் வேண்டும்.

இடத்தினும் முதன்மையானது பொருள். விளக்கின் புகைக்கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்தது வீட்டு மை. கடைகளில் விற்கும் சுர்மா வகைகள் சிலவற்றில் காரீயக் கல்லின் பொடி கலந்திருக்கும். இரண்டும் கருமையே, கண்ணால் வேறுபாடு காண்டல் அரிது. கண்ணைத் தேய்த்த விரலைக் குழந்தை வாயில் வைக்கும்போது காரீயம் உடலினுள் சேரும். சேர்ந்த காரீயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்கு இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மை இட்டால் குழந்தையின் கண் பெரிதாகும், பார்வை தெளியும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை. வளர்ந்தோர் கலந்த பொருள் அறிந்து, இடம் அறிந்து எழுதலாம். குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டா. பெற்றோரைச் சந்திக்கும்போது ஆசிரியர்கள் எடுத்துரைக்கத்தக்க செய்தி இது.