பறவையைத் தின்ற மீன்

ராஜஸ்தானில் பரத்பூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. அது பறவைகளின் புகலிடம். மீன்களே அங்குள்ள பல பறவைகளுக்கு உணவு.

அந்த நீரில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துவிட்டது. அது நம் நாட்டு மீன் அல்ல. ஆராய்ச்சியாளர்கள் அந்த மீனைப் பிடித்து, வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருந்தது? தாழைக்கோழி என்னும் நீர்ப்பறவை! 2009-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள்.

இந்தக் கெளுத்தி நாட்டு மீன்களையும் தின்னும். அதனால் பறவைகளுக்கு இரை குறையும். இது காற்றையும் சுவாசிக்கும். சேற்றிலும் பிழைக்கும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்கும் போகும். ஆகவே ஒழிப்பது கடினம். பூங்காவில் வலை போட்டுப் பிடித்து அகற்றினார்கள்.

இம்மீனை வளர்க்க அரசு தடை விதித்துள்ளது. இதன் குஞ்சுகளை வாங்காதீர்கள். குளத்தில் விடாதீர்கள். நம் குளத்து மீன்களைக் காப்போம்.