கார் ஏ.சி. பலகை ஒளிரவில்லையா? முதலில் கவனிக்க வேண்டியவை

டெல்லி உள்ளிட்ட வட இந்தியப் பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடர் மூடுபனி நிலவும்போது, கார் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீராவியை அகற்ற ஏ.சி. கட்டுப்பாட்டுப் பலகை இன்றியமையாதது. இரவில் அதன் விளக்கு எரியாவிட்டால், பொத்தானைத் தேடும் ஓட்டுநரின் பார்வை சாலையிலிருந்து விலகிவிடும்.

திரை இருண்டிருந்தும் காற்று சீராக வந்தால், கோளாறு பெரும்பாலும் ஒளியமைப்பில் மட்டுமே இருக்கும். பல கார்களில் முகப்பு விளக்கைப் போட்டதும் திரையின் ஒளி தானாகக் குறையும். எனவே, ஒளி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மிகக் குறைந்த நிலையில் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மீட்டர் பலகையின் விளக்குகளும் சேர்ந்து அணைந்திருந்தாலோ, ஏ.சி. பொத்தான்கள் எதுவுமே இயங்காவிட்டாலோ ஃபியூஸைச் சோதிக்க வேண்டும். அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே மாற்றாகப் பொருத்த வேண்டும். கூடுதல் அளவுள்ளதைப் பொருத்தினால் மின்கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

லேசாகத் தட்டும்போது ஒளி வந்து மறைந்தால், உட்புறப் பற்றவைப்பு விட்டிருக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் சிறு பல்பை மட்டும் மாற்றினாலே போதும். முழுப் பலகையையும் மாற்றச் சம்மதிக்கும் முன் மெக்கானிக்கிடம் இவற்றைக் கேட்டறிவது வீண் செலவைத் தவிர்க்கும்.

பழுது நீங்கும் வரை, கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தானின் இடத்தைப் புறப்படும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்வது பாதுகாப்பானது.