வரேனில் நின்ற வண்டி

பிரெஞ்சு முடியாட்சியின் வீழ்ச்சி என்றவுடன், 1789 ஜூலை 14ஆம் நாள் பாரிஸ் ஜனங்கள் பாஸ்டீல் சிறைக்கோட்டையைக் கைப்பற்றிய காட்சியே நம் மனக்கண்முன் எழுகிறது. ஆயினும் அரசனே வேண்டாம் என்று எண்ணியவர்கள் அந்நாளில் மிகச் சிலரே. அமெரிக்க சுதந்திர யுத்தத்துக்கு வாரி வழங்கியதால் கஜானா வற்றி, வருமானத்தில் ஏறக்குறைய பாதியைக் கடனே விழுங்க, குருமாரும் பிரபுக்களும் பெரும்பாலான வரிகளினின்று விலக்குப் பெற்றிருந்தமையால் பாரமெல்லாம் குடியானவன் தலையில் விடிய, 1788ஆம் ஆண்டு விளைச்சலும் பொய்த்து ரொட்டி ஏழைக்கு எட்டாக்கனியாகிவிட்ட அக்கொடிய காலத்திலும், சூழ்ந்திருப்போர்தாம் தீயவர், மன்னன் நல்லவன் என்றே ஜனங்கள் நம்பினார்கள். 175 ஆண்டுகளாகக் கூடாதிருந்த மகாசபையைக் கூட்டிய பதினாறாம் லூயி, அந்த நம்பிக்கையின் மீதுதான் வீற்றிருந்தான்.

1791 ஜூன் 20ஆம் நாள் இரவு, துய்லெரி அரண்மனையில் காவற்கைதிபோல் வாழ்ந்துவந்த அவன், வேலைக்காரன் வேஷம் பூண்டு, ராணி மரி அந்துவானெத்தையும் குழந்தைகளையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு, கிழக்கெல்லையிலுள்ள மோன்மெதிக் கோட்டையை நோக்கிப் புறப்பட்டான். வழியில் குதிரை மாற்றும் சாவடியின் தலைவனான துரூவே என்பவன் மன்னனை அடையாளம் கண்டு, முந்திச் சென்று எச்சரிக்க, மறுநாளிரவு வரேன் என்னும் சிற்றூரில் வண்டி நிறுத்தப்பட்டது. இறைவனின் பிரதிநிதியென்று போற்றப்பட்ட வம்சத்தின் வாரிசு, அன்றிரவை ஒரு மளிகைக்காரன் வீட்டு மாடியறையில் கழித்தான்.

ஓடியதினும் பெருங்கேடு விளைத்தது, அவன் கைப்பட எழுதி அரண்மனையில் விட்டுச்சென்ற பத்திரம். புரட்சியின் மாறுதல்களுக்குத் தான் அளித்த சம்மதமெல்லாம் நிர்ப்பந்தத்தால் விளைந்தது என்று அவனே அதில் எழுதிவிட்ட பின், மன்னனைச் சதிகாரர்கள் கடத்திச் சென்றார்கள் என்று சபை கற்பித்த சமாதானத்தை எவர் நம்புவர்? செப்டம்பரில் அவன் அரசியல் சட்டத்தை ஏற்று உறுதிமொழி கூறியபோதும், இழந்த விசுவாசம் திரும்பவில்லை.

1792 ஏப்ரலில் ராணியின் பிறந்தகமாகிய ஆஸ்திரியாவோடு யுத்தம் மூண்டது. அரச குடும்பத்துக்குத் தீங்கு நேர்ந்தால் பாரிஸ் அழியும் என்று பகைவரின் சேனாதிபதி விடுத்த பயமுறுத்தல், மன்னனும் அவர்களைச் சேர்ந்தவனே என்ற சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஆகஸ்ட் 10ஆம் நாள் ஜனங்கள் துய்லெரியைத் தாக்கினர். செப்டம்பர் 21ஆம் நாள் புதிய சபை முடியாட்சியை ஒழித்தது. 1793 ஜனவரி 21ஆம் நாள் லூயி கில்லட்டினில் உயிர்நீத்தான்.

இவையாவும் ஆயுதமும் சட்டமும் செய்தவை. ஆனால் வரேனிலிருந்து மீட்டுக் கொணரப்பட்ட வண்டி 1791 ஜூன் 25ஆம் நாள் பாரிஸில் நுழைந்தபோதே, இருமருங்கும் திரண்டிருந்த ஜனங்கள் வாழ்த்தவுமில்லை, வையவுமில்லை. மன்னனைக் கண்டால் தொப்பியைக் கழற்றி வணங்கிய அதே மக்கள், அன்று தொப்பியணிந்த தலையோடு மௌனமாக நின்றனர். பதினைந்து மாதங்களுக்குப் பின் சபை எழுதிய தீர்மானம், அந்த மௌனத்தின் எழுத்து வடிவமேயாகும்.