பழைய கணிப்பொறிக்கு மீண்டும் குரல்

வால்வு ரேடியோவைப் பழுதுபார்த்த தலைமுறையினர்க்கு இன்று யான் கூறவிருப்பது புதிதாகத் தோன்றாது. ஊமையாகிவிட்ட ரேடியோவைத் திறந்து பார்த்தால், கெட்டது பெரும்பாலும் வால்வு அன்று, ஒரு சிறு கண்டென்சரே என்பதை அவர்கள் அறிவர். மின்தேக்கி என்று சொன்னால் கடைத்தெருவில் எவர்க்கும் விளங்காது. கண்டென்சர் என்றே கேட்டல் வேண்டும். 1980களின் சிறு கணிப்பொறிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் பெயரையே சூட்டிய கணிப்பொறி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் அதனை 1981 டிசம்பரில் வெளியிட்டது. நம் மத்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வாயிலாக அது முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளை அடைந்தது. காலம் கடந்தபின் இத்தகைய யந்திரங்கள் பழைய சரக்காயின. மும்பையில் அவ்வகைச் சரக்கு வந்துசேரும் இடங்களுள் தாராவியும் ஒன்று. அங்கே உறை பிளாஸ்டிக்காகவும், உள்ளிருப்பது செம்பாகவும் பிரிந்து போகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நிறைக்கு விலைபோகும் தறுவாயிலிருந்த ஒன்றை வாங்கிச் செம்பூரிலுள்ள வீட்டிற்குக் கொணர்ந்தேன். பொறுமையின்றி மின்சாரத்தில் பொருத்தினேன். சற்று நேரத்தில் வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. கூடம் முழுவதும் நாற்றம் மிக்க புகை. அதனை அன்றே தாராவிக்குத் திருப்பியனுப்புமாறு என் மனைவி கூறினாள். நல்லவேளையாக, இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவள் சொல்லை யான் கேட்கவில்லை.

நேர்ந்தது இதுதான். மின்வழங்கியின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் காகிதக் கண்டென்சர்கள் இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் மேலுறை வெடித்து ஈரம் புகுகின்றது. அந்நிலையில் 230 வோல்ட் பாய்ந்தால் அவை புகைந்து கருகும். ஆயினும் தாய்ப்பலகைக்குத் தீங்கு நேர்வது அரிது. ஆகவே, மின்சாரம் கொடுக்குமுன்னரே 'எக்ஸ்2' வகைப் புதுக் கண்டென்சர்களை மாற்றிவிடுதல் வேண்டும். இணைப்பைக் கழற்றிய பின்னரும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், கைபழகாதவர் இப்பணியை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே நன்று.

அடுத்து, ஒலி. இதன் ஒலிச் சில்லு 'எஸ்.என். 76489'. மூன்று சுரங்களையும் ஓர் இரைச்சலையும் ஒருங்கே எழுப்ப வல்லது. 1,25,000 என்னும் எண்ணை நாம் கொடுக்கும் எண்ணால் வகுத்தால் வருவதே சுரத்தின் அதிர்வெண். 956ஐக் கொடுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு. ஆண்குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜம்! 637 பஞ்சமம், 478 மேல் ஷட்ஜம். மூன்றையும் சேர்த்தொலித்தால் சுருதிப்பெட்டி ஆயிற்று. தம்புராவின் நாதத்தை எதிர்பார்த்தல் ஆகாது. இது ஒத்து ஊதினாற்போன்ற கறாரான ஒலி.

ஆனால் பெட்டிக்குள் உள்ள ஒலிபெருக்கி மிகச் சிறியது. கீழ் ஷட்ஜத்தின் கனத்தை அதனால் வெளியிட இயலாது. மேலெழும் கிளை அதிர்வுகளே நம் காதில் விழும். எனவே முதலில் ஒலிப்பகுதியின் முதிர்ந்த கண்டென்சர்களை மாற்றி, பின்னர் உள்பெருக்கிக்கு முன்னிருந்தே ஒலியை ஒரு கண்டென்சர் வழியாக வெளியே எடுத்து, நல்லதொரு ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தல் வேண்டும். அன்று மாலை எங்கள் கூடத்தில் முதன்முறையாகக் கீழ் ஷட்ஜம் நின்றொலித்தபோது, புகையை மறந்து என் மனைவியும் வந்து அமர்ந்தாள். ஒலிச் சில்லையே அகற்றிவிட்டு நவீனப் பலகை பொருத்துவோரும் உளர். அது பாடகரை மாற்றிவிட்டுக் கச்சேரியைக் காப்பாற்றியதாகச் சொல்வது போலும்!

மாட்டுங்கா ரோடில் வண்டியேறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு அண்மையிலேயே உள்ளது. வேண்டிய உறுப்புகள் அங்கே கிடைக்கும். தில்லியில் வாழ்வோர்க்கு லஜ்பத்ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி, பெங்களூரில் எஸ்.பி. ரோடு.

இன்னும் ஒன்று. இவ்யந்திரத்தின் பலகையில் இரண்டு குழிகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அவை பேச்சுச் சில்லுகளுக்கு உரியவை. 1955இல் பி.பி.சி. தொலைக்காட்சித் திரையில் முதன்முதலாகத் தோன்றிச் செய்தி வாசித்த கென்னத் கெண்டல் என்பாரின் குரல் அவற்றுள் ஒன்றில் அடங்கியிருக்கிறது. குரல் அப்படியே பதிவானதன்று. தொண்டையும் நாவும் ஒலியை வடிக்கும் பாங்கு மட்டும் எண்களாக அதனுள் உள்ளது. மற்றொரு சில்லு அவ்வெண்களைக்கொண்டு சொல்லை மீண்டும் உருவாக்குகின்றது. இச்சில்லுகளின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயின. தங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையில் இத்தகைய பலகை கண்ணிற்பட்டால், அது தராசில் ஏறுமுன் அவ்விரு குழிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.