ஆலயத்தில் ஓசையை அளந்தறிதல்

நம் ஆலயங்கள் சிலவற்றில் அருளுரையின் ஓசை எட்டுகிறது, சொல் எட்டுவதில்லை. பின்வரிசை முதியோர் இக்குறையைக் கூறியவுடன் நாம் புதிய ஒலிபெருக்கிகளுக்கு நிதி திரட்டத் தொடங்குகிறோம். எதிர்முழக்கம் மிகுந்த கூடத்தில் ஓசையைப் பெருக்கினால் எதிர்முழக்கமும் உடன் பெருகும் என்பதை நாம் எண்ணுவதில்லை. செலவிடுமுன் அளத்தல் வேண்டும்; எதனை அறிய விரும்புகிறோமோ அதற்கேற்ற கருவியைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

இத்துறைக்கு அடிகோலியவர் அமெரிக்க இயற்பியலாசிரியர் வாலஸ் சபீன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மன்றத்தில் பேச்சு விளங்காமற் போயிற்று. அதனை ஆராய்ந்த சபீன் கையாண்டவை ஓர் ஆர்கன் குழல், காலத்தைப் பதியும் கருவி, தம் செவி ஆகியவையே. குழல் நின்றபின் ஓசை மறைய ஏறத்தாழ ஐந்தரை வினாடி ஆயிற்று. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, மெத்தைகள் கூடக்கூட அந்நேரம் குறைவதைக் கண்டார்.

அவர் கண்ட விதி எளியது. கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிவதற்கான நேரம் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எதிர்முழக்க நேரம் 3 வினாடி எனில், உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மீட்டர். அந்நேரத்தை ஒன்றரை வினாடியாக்க இன்னும் 64 சதுர மீட்டர் வேண்டும். அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டருக்கு ஈடாவர். ஆதலால் வெற்றுக் கூடத்திலும் சபையார் நிறைந்தபோதும் தனித்தனியே அளத்தல் நன்று.

இனிக் கருவிகளைக் காண்போம். கைதட்டிக் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்களிடையே ஓசை படபடப்பது புலப்படும், இதற்குச் செலவில்லை. மின்விசிறி இரைச்சலை அறிய ஒலியளவுமானி போதும். ஆயின் எளிய ஒலியளவுமானி எதிர்முழக்க நேரத்தைக் காட்டாது. அந்நேரத்தை அறிய, எல்லாத் திசை ஓசையையும் ஒப்பப் பெறும் அளவீட்டு ஒலிவாங்கியும், அதற்கென அளித்த திருத்தக் கோப்பும், கணினியும் வேண்டும். இப்பணிக்கான ஆர்.இ.டபிள்யூ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பிரசங்க பீடத்து ஒலிவாங்கி பெரும்பாலும் முன்திசை ஓசையையே மிகுதியாக ஏற்பதால் இதற்கு ஏற்றதன்று. கைப்பேசிச் செயலி தோராயமான மதிப்பையே தரும்.

அளவீட்டைத் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பிரித்துக் காணவேண்டும். மெல்லிய திரையும் கம்பளமும் உயர்ந்த சுருதிகளையே பெரிதும் உறிஞ்சும். தாழ்ந்த முழக்கம் அப்படியே எஞ்சும். அதனைத் தணிக்கத் தடித்த பொதியோ, பின்னே காற்றிடைவெளி விட்ட பலகையோ தேவை.

எனினும் முழுக்கூடத்தையும் பஞ்சால் பொதிதல் தகாது. பேச்சுக்கு ஒரு வினாடி அளவு ஏற்றது. ஆர்கன் இசைக்கோ இரண்டு வினாடியும் அதற்கு மேலும் இனிது. எதிர்முழக்கம் அற்ற கூடத்தில் ஒவ்வொருவரும் தம் குரலையே தனித்துக் கேட்டுப் பாடத் தயங்குவர். சொல் விளங்கவேண்டும், சபையின் பாடலும் வாழவேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைத் தெரிந்து முடிவு செய்வது ஆயரும் மூப்பரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்; விற்பனையாளரிடம் விடத்தக்கதன்று.