முள்ளின் அடியில் ஒரு பெட்டிக்கடை

கரூரிலிருந்து ஒரு வாசகி ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறார். ஆன்லைனில் ‘காக்டஸ் காம்போ’ என்று வாங்கிய குட்டித் தொட்டிகள். எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. செல்போன் செயலியிடம் காட்டினால் ஒரே செடிக்குக் காலையில் ஒரு பெயர், மாலையில் இன்னொன்று. இரண்டுக்கும் சதவீதக் கணக்கோடு உத்தரவாதம் வேறு. எதைத்தான் நம்புவது என்று கேட்கிறார்.

செயலியோடு எனக்குப் பகை இல்லை. ரோஜாவையும் செம்பருத்தியையும் அது நன்றாகவே பிரித்துச் சொல்லும். ஆனால் அது பார்ப்பது உருவத்தை. கள்ளி விஷயத்தில் பொய் சொல்வதே உருவம்தான். அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட நிலங்களில் ஒரு குடும்பமும், ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு குடும்பமும், ஒரே கேள்விக்குத் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே விடையை எழுதியிருக்கின்றன: இலையைக் குறை, தண்டைப் பருக்க வை, விளிம்பெல்லாம் முள் வை. முதலாவது காக்டஸ் குடும்பம். வீட்டு வாசலில் பூக்கும் பத்துமணிப் பூவுக்கும் பருப்புக்கீரைக்கும் நெருங்கிய உறவு. இரண்டாவது யூபோர்பியா; ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் பங்காளி. நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இந்தப் பங்காளிக் கூட்டம். சப்பாத்திக்கள்ளிதான் கடல் தாண்டி வந்த அசல் காக்டஸ்.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு லென்ஸ் போதும். முள்ளை விட்டுவிட்டு அதன் அடியைப் பாருங்கள். காக்டஸ் என்றால் அங்கே கடுகளவில் ஒரு பஞ்சு மெத்தை இருக்கும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ, புசுபுசுவென்று ரோமம் மண்டி, நடுவிலிருந்து முட்கள் விரிந்திருக்கும். இதற்கு அரியோல் என்று பெயர். காக்டஸ் குடும்பத்துக்கு வெளியே எந்தச் செடியிலும் இது கிடையாது.

மற்றச் செடிகளில் இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டு நீண்டு கிளையாகி, அந்தக் கிளையில் இலைகள் வரும். காக்டஸில் அந்தக் கிளை நீளவே நீளாது. இருந்த இடத்திலேயே சுருண்டுகொள்கிறது. அதில் வரவேண்டிய இலைகள் முட்களாகின்றன. நீங்கள் குத்துப்படுவது ஒவ்வொரு முறையும் ஓர் இலையிடம்தான். நம்பாதவர்கள் சப்பாத்திக்கள்ளியின் இளம் மடலைப் பார்க்கலாம். ஒவ்வொரு மெத்தைக்கும் கீழே, பச்சையாக, ஆட்டுக்குட்டிக் கொம்புபோல ஒரு குட்டி இலை நிற்கும். மடல் முற்றுவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த இலையின் கக்கத்தில்தான் மெத்தை உட்கார்ந்திருக்கிறது. பத்துமணிப் பூச்செடியின் இலைக்கக்கத்திலும் மெல்லிய ரோமக்கற்றை உண்டு. தண்ணீர் ஊற்றும்போது குனிந்து பாருங்கள்.

ஒரு முழுக் கிளையின் சரக்கையும் ஒரு புள்ளியில் அடைத்து நடத்தும் பெட்டிக்கடை என்று அரியோலைச் சொல்லலாம். வாசலில் சரமாகத் தொங்குவது முள். இண்டு இடுக்கில் திணித்த பழைய பேப்பர் அந்தப் பஞ்சு. உள்ளே குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் வளர்நுனி. பூ வேண்டுமா, இங்கேயே கிடைக்கும். புதுக் கிளையா, அதுவும் இங்கேதான். சப்பாத்திக்கள்ளிக் கடையில் கண்ணுக்குத் தெரியாத சுணை முட்கள் இலவச இணைப்பு. செல்லோடேப் ஒட்டித்தான் பிடுங்க வேண்டும். அதன் பழத்தின் தோல்கூடத் தண்டுத் திசுதான் என்பதால் அதிலும் கிளைக்கடைகள் உண்டு. முழுப் பழத்தை மண்ணில் வைத்தால் அதிலிருந்தே மடல் முளைக்கும். மாமில்லேரியா என்ற குமிழ்க் காக்டஸின் கடைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். குமிழின் உச்சியில் முள் வியாபாரம், குமிழ்களுக்கு நடுவே பள்ளத்தில் பூ வியாபாரம் என்று இரண்டு கடை போட்டிருக்கிறார். வாடகைக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

யூபோர்பியாவில் கடையே இல்லை. முள்ளுள்ள பல இனங்களில் இலையடியில் கெட்டியான ஒரு தகடு; அதன்மேல் இரட்டையாக முட்கள், பஞ்சு கிடையாது. சில தென்னாப்பிரிக்க இனங்களில் காய்ந்து இறுகிய பூக்காம்பே முள். வாசகியின் முதல் தொட்டி இந்த வகை: மூன்று பட்டை, ஜோடி முட்கள், விளிம்பில் குட்டி இலைகள். யூபோர்பியா ட்ரைகோனாவாக இருக்கலாம். ஊசியால் குத்திப் பால் வருகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மாமில்லேரியாவிலும் சில இனங்களுக்குப் பால் உண்டு என்பதால் சோதனையும் முழுசாகத் தேறாது. தவிர, கள்ளிப்பால் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரண்டாவது தொட்டியில் உருண்டையான மாமில்லேரியா, உச்சியில் பளீரென்ற ரோஸ் பூ. உச்சந்தலையில் ஒற்றைப் பூ வைத்துக்கொள்வது அதன் வழக்கமல்ல. உச்சியைச் சுற்றி வளையமாகத்தான் பூக்கும். இது பசையால் ஒட்டிய காய்ந்த பூ. வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாக எடுத்துவிடலாம். மூன்றும் நான்கும் முள்ளில்லாதவை. வெள்ளை வரி போட்டது ஹவொர்தியா. குட்டிக் கற்றாழை என்று விற்பார்கள். இன்னொன்று எச்சவேரியா வகையறா. வெயில் குறைந்தால் அடுக்குக் குலைந்து நெட்டையாகும், கூடினால் சிவக்கும். போதாததற்குக் கலப்பினங்கள் ஏராளம். பூ வராமல் அதற்கு இனப்பெயர் சொல்பவர் தாவரவியலாளர் அல்ல, சோதிடர்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிவப்புச் சாயம் தரும் காக்டஸ் பூச்சி என்று நினைத்து, 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். சாயம் தேறவில்லை, பூச்சியோ அப்போது இங்கே பரவியிருந்த ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. ஆனால் தென்னிந்தியாவை வளைத்துப் பிடித்த இன்னொரு சப்பாத்திக்கள்ளியை அது சீண்டவில்லை. அதற்கு வேறு பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் குழம்பிய இடத்தில் பூச்சிகள் இனம் பிரித்துச் சாப்பிட்டிருக்கின்றன.

‘கம்ப்யூட்டர் கதிர்வீச்சை உறிஞ்சும்’, ‘இரவில் ஆக்சிஜன் தரும்’ என்று வாசகிக்குத் தொட்டிகள் வந்த பெட்டியில் அச்சடித்திருந்ததாம். முதலாவது கட்டுக்கதை. இரண்டாவது பாதி காதில் விழுந்த உண்மை: இந்தச் செடிகள் இரவில் இலைத்துளை திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிக்கின்றன. ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும்.

ஐந்தாவது தொட்டி, பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து. இதற்குச் செயலி இரண்டு பெயர் சொன்னால் அதிசயமாக இரண்டுமே சரியாக இருக்கலாம். மேலே இருப்பது பச்சையம் இல்லாத ஜிம்னோகாலிசியம் என்ற காக்டஸ்; அந்தச் சிவப்பு பீட்ரூட்டில் இருப்பதன் ரகம். கீழே டிராகன் பழக் கொடியின் துண்டு. ஒட்டுப்போட்டு விற்கிறார்கள். இந்தத் தண்டும் முதல் தொட்டியைப் போலவே மூன்று பட்டைதான். பக்கத்தில் வைத்து விளிம்பைப் பார்த்தால் இதில் பஞ்சு மெத்தை, அதில் தகடு. பந்தில் வரும் சிவப்புக் குட்டிகளைப் பிரித்து மண்ணில் நட்டால் பட்டினியில் சாகும். பச்சைத் தண்டில் தளிர் விட்டால் அறுத்துவிடுங்கள்; இல்லையென்றால் பந்துக்குப் போக வேண்டிய சாப்பாட்டை அது தின்னும். அறுத்த தளிர் விரல் நீளம் இருந்தால், வெட்டுவாயை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி மணலில் ஊன்றலாம், வேர்விடும்.