மாறும் தோட்டங்களும் மாறாக் குறியெண்ணும்

கெடாவின் தோட்டங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுக்க முற்படுவோர் பெரும்பாலும் ஒரே நீண்ட பட்டியலை வரைகின்றனர். தோட்டத்தின் பெயர், உரிமையாளர், பயிர், பள்ளி என நிரல்கள் அமைகின்றன. ஆயின், இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வருகிறது, உரிமை கைமாறுகிறது, ‘எஸ்டேட்’ என்றது ‘லாடாங்’ ஆகிறது. ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துப் புதியதை எழுதினால், எஞ்சுவது இன்றைய நிலை மட்டுமே. பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்திலுள்ள தோட்டப் பெயரைத் தேடிவரும் பேரனுக்கு அப்பட்டியல் விடை கூறாது.

இக்குறையைத் தீர்க்கவல்லது உறவுநிலைத் தரவுத்தளம். ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படையாகும். செய்திகளைச் சிறு அட்டவணைகளாகப் பகுத்து, பொதுக் குறியெண்களால் அவற்றை இணைப்பதே இதன் நெறி.

எதை எதிலிருந்து பகுப்பது? இங்கு நம் இலக்கணம் துணைநிற்கிறது. நன்னூல் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக வகுக்கிறது. தோட்டம் முதல் எனின், அதன் பிரிவு சினை. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என மூன்று தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ‘பள்ளி’ என்னும் ஒரே நிரலில் மூன்றையும் அடக்குதல் முறையன்று. மேலும், பள்ளி தோட்டத்தின் சினையுமன்று. தோட்டப் பெயரைத் தாங்கியவாறே பள்ளி வேறிடம் பெயரலாம். ஆதலின் பள்ளிக்குத் தனி அட்டவணையும், அதன் இருப்பிடத்திற்கு மற்றோர் அட்டவணையும் வேண்டும்.

தோட்ட அட்டவணையில் மாறாக் குறியெண் மட்டும் நிற்கட்டும். பெயர், உரிமை, பயிர் ஆகிய மாறுவன அனைத்தும் தனித்தனி அட்டவணைகளில், ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்னும் இரு கால நிரல்களுடன் அமைதல் வேண்டும். தொழிலாளர் வழங்கிய பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒரே குறியெண்ணின்கீழ் இரு நிரைகளாக நிற்கும்.

தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். இக்கைமாற்றத்தைப் பதிய, உரிமை அட்டவணையின் பழைய நிரையில் முடிவு நாளை இட்டுப் புதிய நிரை ஒன்றைச் சேர்த்தால் போதும், குறியெண் மாறாது. துண்டாடப்பட்ட தோட்டமாயின், துண்டுகள் ஒவ்வொன்றும் புதுக் குறியெண் பெறும். எதிலிருந்து எது பிரிந்தது என்பதை இன்னோர் அட்டவணை காட்டும்.

நாள் தெரியாதவிடத்து ஊகித்து எழுதாமல் வெற்றிடம் விடுக. செய்தி வந்த வழியையும் ஒரு நிரலில் குறிக்க. தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே மாணவர்கள் இப்பணியைத் தொடங்குதல் நன்று. நிலம் கைமாறுவதை நம்மால் தடுக்க இயலாது போகலாம். நினைவு அழிவதைத் தடுக்க இயலும்.